கொறிணியா, கொறித்துண்ணியா?

அன்புள்ள ஐயா,

நான் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எலி, அணில் போன்ற விலங்குகளைக் குறிக்கும் ‘ரோடென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு நூலில் ‘கொறித்துண்ணி’ என்றும் மற்றொன்றில் ‘கொறிணி’ என்றும் காண்கிறேன். செய்திகளிலோ எலி என்று சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் ‘கொறித்துண்ணிகள்’ என்று எழுதுகிறார்கள். எது சரி? இவ்வகை விலங்குகளுக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது ஒரு மாணவன் முயலையும் மூஞ்சூறையும் எழுதியிருந்தான். சரி என்று மதிப்பெண் இட்டுவிட்டேன், இப்போது ஐயமாக இருக்கிறது.

— ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ‘கொறிணி’ என்றே எழுதுகிறேன். ‘கொறித்துண்ணி’யில் உள்ள ‘உண்ணி’தான் எனக்குத் தடையாக இருக்கிறது. ஊனுண்ணி, தாவரவுண்ணி, பூச்சியுண்ணி என்ற சொற்களைப் படித்துப் பழகிய மாணவனுக்கு, ‘உண்ணி’ என்று முடியும் சொல்லைக் கண்டதும் அது உணவைக் கொண்டு பிரித்த வகை என்றே தோன்றும். ரோடென்ட்களின் அறிவியல் பெயரான ‘ரோடென்ஷியா’ என்பது உணவால் அமைந்த வகையன்று. பொதுவான மூதாதையிலிருந்து கிளைத்த ஒரு விலங்கு வரிசையின் பெயர். கரண்டுதல் என்னும் பொருளுடைய ‘ரோடெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து அது வந்தது. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்த ஒரு வரிசைக்குள் அடங்குகிறது.

இவ்விடத்தில் நம் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். அணில் ஒரு நெல்மணியை இரு கைகளாலும் பிடித்து உமியை நீக்கித் தின்பதைக் கொறித்தல் என்கிறோம். இரவில் எலி கதவின் அடிப்பலகையில் செய்வதை அப்படிச் சொல்வதில்லை. எலி கரண்டுகிறது, எலி கரம்பிவிட்டது என்கிறோம். இலத்தீன் வினைக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது செயல்தான், அதில் உண்ணுதல் என்பதே இல்லை. எலியின் உதட்டோரத் தோல் முன்பற்களுக்குப் பின்னால் மடிந்து வாயை அடைத்துக்கொள்வதால், கரண்டிய மரத்தூள் தொண்டைக்குள் போவதில்லை.

என் மேசையில் ஒரு பெருச்சாளியின் மண்டையோடு இருக்கிறது, வரப்போரம் கிடைத்தது. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு உளிப்பற்கள், அவற்றின் முன்முகம் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். அந்த முன்முகத்தில்தான் கடினமான பற்சிப்பி இருக்கிறது. பின்புறம் அதைவிட மென்மையான, தந்தினி (டென்டின்) என்னும் பற்பொருள். பின்புறம் விரைவாகத் தேய்வதால் பல்லின் முனை தச்சனின் உளியைப் போல் எப்போதும் சாய்வாகவும் கூராகவும் நிற்கிறது. கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் வெறும் இடைவெளியாக இருக்கிறது. கீழ்த்தாடையின் உளிப்பல்லைத் தொடர்ந்து பார்த்தால், அதன் வேர் கடைவாய்ப் பற்களுக்கு அடியில் வளைந்து வெகுதூரம் பின்னால் செல்வது தெரியும். வாழ்நாள் முழுவதும் வளரும் பல் அது. வீட்டெலிக்கு வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. இந்தப் பல்தான் பெயருக்கு அடிப்படை.

ஆயினும் பல்லும் ஓர் அடையாளம் மட்டுமே, முடிவான சான்று வமிசம்தான். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து 2012இல் அறிவியலுக்கு அறிமுகமான ‘பௌசிடென்டோமிஸ்’ என்னும் எலிக்குக் கடைவாய்ப் பற்களே இல்லை. மண்புழுவைத் தின்று வாழும் அதற்குக் கரண்டும் திறனும் இல்லை. இருந்தும் அது ரோடென்ஷியாவைச் சேர்ந்ததே. அதைக் கொறித்துண்ணி என்று எழுதினால் அதன் உணவைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். கொறிணி என்பது, ‘கணி’ என்னும் வினையிலிருந்து பிறந்த கணினியைப் போல, வேரை நினைவூட்டிவிட்டு ஒரு பெயராக மட்டும் நின்றுவிடுகிறது. ஒரு வரிசையின் பெயருக்கு அது போதும்.

முயலை ஒரு காலத்தில் அறிஞர்களே கொறிணிகளோடு சேர்த்திருந்தார்கள். மேல்தாடையில் முன்பற்களுக்குப் பின்னால் மேலும் ஒரு சிறிய இணைப் பற்கள் அதற்கு உண்டு. 1912இல் முயலினத்தைத் தனி வரிசையாகப் பிரித்தார்கள். ஆகவே அந்த மாணவனின் பிழை மன்னிக்கத்தக்கது. மூஞ்சூறு அப்படியன்று. அது பூச்சிகளைத் தேடித் தின்னும் விலங்கு. அதன் பற்கள் சிறிய ஊசிகளைப் போன்றவை. உறவு முறையில் அது முள்ளெலிக்கு நெருங்கியது. முள்ளெலியும் பெயரில் எலியைக் கொண்டிருக்கிறதே தவிரக் கொறிணியன்று. பெயரில் பன்றியைக் கொண்ட முள்ளம்பன்றியோ கொறிணிதான். வகுப்பில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள், மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அந்த விடைக்குரிய மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். திருத்தத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

செய்தி வழக்கைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. ஒரு கிடங்கில் எலிகள் நெல்லை நாசமாக்கினால் எலிகள் என்றே எழுத வேண்டும். கொறிணிகள் என்றால் அணிலும் முள்ளம்பன்றியும் அதில் சேர்ந்துவிடும். எலிக்காய்ச்சல், எலிப்பொறி, எலிவளை என்ற வழக்குகளைத் தொடவே கூடாது. அணில், முள்ளம்பன்றி, பெருச்சாளி, வெள்ளெலி ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொறிணி என்று எழுதுங்கள்.

அன்புடன்.