டேவன்போர்ட்டில் இடுப்பு வலிக்கு கைரோபிராக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையில் உள்ள டேவன்போர்ட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், இடுப்பு வலி, எந்தக் கைரோபிராக்டரிடம் (கையால் முதுகெலும்பை அழுத்திச் சிகிச்சை தருபவர்) போவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான ஊரில்தான் கேட்கிறீர்கள். 1895-இல் டி. டி. பால்மர் இங்கேதான் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தி, காது கேட்கவைத்ததாகச் சொன்னார். அந்தக் கதையை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் கைரோபிராக்டிக் தொழில் பிறந்தது இங்குதான். அவர் தொடங்கிய பால்மர் கல்லூரி இன்றும் நடக்கிறது. அதன் கிளினிக்கில், உரிமம் பெற்ற ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருகிறார்கள்.

வேறு இடம் பார்ப்பதானால் முதலில், உரிமம் தரும் மாநில வாரியத்தில் அந்தக் கைரோபிராக்டரின் உரிமத்தைச் சரிபாருங்கள். முதல் சந்திப்பில் உங்கள் கதையைக் கேட்டு, காலைத் தூக்கச் சொல்லி, அனிச்சைச் செயலைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுத்து, நாற்பது அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பும் முறையில் அரிதாக ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கைரோபிராக்டர் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

சாதாரண வலிக்கு பிசியோதெரபியும் நடையும் நன்றாகவே உதவும். ஆற்றோரப் பாதை நடக்க அருமை. வசந்தத்தில் வெள்ளம் வந்தால் மட்டும் அது ஆற்றுக்கே சொந்தம்.