‘பையன் உங்களுக்குத்தான்’ என்று அடித்துச் சொல்லும் வக்கீல்

கேள்வி: என் கணவர் கோவையில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். மகனும் தனக்கே வேண்டுமாம். இரண்டு வருடமாக நானும் ஏழு வயது மகனும் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருக்கிறோம். அவன் படிப்பதும் இங்கேதான். ஐந்து வயது தாண்டினால் பிள்ளை அப்பாவுக்குத்தான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சித்தப்பா காட்டிய வக்கீலோ, “பையன் உங்களுக்குத்தான், நான் பொறுப்பு” என்று ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். தீர்ப்பு எழுதப்போவது நீதிபதி. இவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்?

உறவினர்கள் சொல்வதும் தவறு. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். ஐந்து நிறைந்ததும் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்று அதே சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது.

வக்கீலைப் பார்க்கப் போனால், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கணவரின் குறைகளை மட்டுமே தோண்டுகிறாரா? அவருக்கு விவாகரத்து வழக்குதான் கண்ணில் தெரிகிறது. பையனைப் பள்ளியில் விடுவது யார், காய்ச்சலுக்கு எந்த டாக்டர், ரேங்க் கார்டில் யார் கையெழுத்து, அப்பாவிடம் போனில் பேசுகிறானா என்றெல்லாம் கேட்பவரிடம் தாராளமாக உட்கார்ந்து பேசலாம். அப்பாவைப் பார்க்கவே விடாதீர்கள் என்று யோசனை சொல்பவர் வேண்டவே வேண்டாம். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

நீங்களும் ஒன்று கேளுங்கள். பையன் உங்களிடமே இருக்க வேண்டும் என்று கேட்கும் மனுவை விவாகரத்து வழக்கோடு சேர்த்துக் கோவையில் போடலாம். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, பையன் வழக்கமாக வசிக்கும் திண்டுக்கல்லிலேயே தனியாகவும் போடலாம். எது நல்லது, ஏன்? வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் பஸ் ஏறுவீர்களா இல்லையா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் இல்லையா? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 15100-க்கும் போன் செய்யலாம். இலவசம் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம். லட்சம் வாங்கிக்கொண்டு ஜூனியரை அனுப்புகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். தவிர, உங்களுக்குத் தனி வருமானம் போதவில்லை என்றால், வழக்குச் செலவைக் கணவரிடமிருந்தே கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு இடம் தருகிறது.

வக்காலத்தோடு சேர்த்து நீட்டப்படும் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், வக்கீலுக்கு நகல் போதும். கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி மீட்பதற்குள் இரண்டு வாய்தா போய்விடும்.