கடை திறந்தாயிற்று, கதவைத் திறக்கலாமா?

மருத்துவர் பதில்கள் – ஜூலை 2021

(கொரோனா ஊரடங்குத் தளர்வுகள் தமிழகம் முழுவதும் ஒரே மாதிரியாக ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தபின் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. அவற்றுள் நான்கைச் சுருக்கி வெளியிடுகிறோம். பதில்களில் உள்ள விதிமுறைகள் 2021 ஜூலை 12 காலை 6 மணி வரை நடப்பில் இருந்த உத்தரவின்படி எழுதப்பட்டவை; தடுப்பூசி பற்றிய அறிவுரைகளும் அப்போதையவை.)

கேள்வி: என் கணவர் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறார். மே மாதத் தொடக்கத்தில் அவருக்குக் கொரோனா வந்து, வீட்டிலிருந்தே குணமானார். அதே மாதத்தில் என் மாமியாரின் தம்பி இந்த நோயில் இறந்துபோனார். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கடை திறந்த நாளிலிருந்து மாமியாருக்குத் தூக்கமில்லை. கணவர் வேலை முடிந்து வந்தால் மாடிப்படிக்குக் கீழேயே குளிக்க வேண்டும் என்கிறார். அவர் கொண்டுவரும் ரூபாய் நோட்டுகளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கிறார். இரவில் மகனை மொட்டைமாடியில் படுக்கச் சொல்கிறார். எங்களுடையது ஒரே அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலில் துணிக்கடைக்கே அனுமதி இல்லை, இன்னொன்றில் ஏழு மணிவரை, வேறொன்றில் எட்டு மணிவரை என்று இருக்கிறது. "அரசாங்கமே திறக்கச் சொல்லிவிட்டது, இனி என்ன பயம்?" என்கிறார் கணவர். "திறந்துவிட்டதால்தான் பயமாக இருக்கிறது" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் அந்தப் பட்டியல்களைப் பார்ப்போம். மூன்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மூன்றும் வெவ்வேறு வாரத்துக்கு உரியவை. ஜூன் மாதத்தில் 38 மாவட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கும் மூன்றாம் வகையில் இருந்தன. ஜூன் 21 உத்தரவில் இங்கே பேருந்தும் மெட்ரோவும் ஓடத் தொடங்கின, ஆனால் துணிக்கடைகள் திறக்கவில்லை. ஜூன் 28 முதல் குளிர்சாதன வசதியைப் பயன்படுத்தாமல், பாதி வாடிக்கையாளர்களோடு, இரவு 7 மணிவரை திறக்கலாம் என்றார்கள். ஜூலை 5 முதல் அது 8 மணி ஆயிற்று. இரண்டே வாரத்தில் ஒரே கடைக்கு மூன்று விதி என்றால், குழம்புகிறவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனி எந்தப் பட்டியல் வந்தாலும் அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரைக்கானது என்பதை முதலில் பாருங்கள். தேதி இல்லாத பட்டியலை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு வழக்கு. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இப்போது அந்த எண்ணிக்கை நாளொன்றுக்கு 4,000-க்கும் கீழே குறைந்திருக்கிறது. மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்கிறது. ஆக்சிஜனுக்காக இரவெல்லாம் அலைய வேண்டியிருந்த நிலை மாறியிருக்கிறது. இவற்றை வைத்துத்தான் அரசு தளர்வு கொடுக்கிறது. அது மாநிலத்தின் கணக்கு. உங்கள் ஒற்றை அறையில் யார் படுக்கிறார்கள், அவர்களுக்கு வயது என்ன, எத்தனை தவணை தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே கணவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடை திறந்தால்தான் அடுப்பு எரியும் என்பதால் மாமியார் சொல்வதையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

உங்கள் கணவர் குணமானவர் என்பதால் அவர் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆனாலும் மறுபடி தொற்றே வராது என்று சொல்ல முடியாது. குணமாகி மூன்று மாதம் கழித்து அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்குப்படி அது ஆகஸ்ட் மாதத்தில் வரும், இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மாமியார் கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தவணை மட்டும் போட்டிருப்பதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் தவணைக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, இப்போது பரவிவரும் டெல்டா என்ற கொரோனா கிருமி வகைக்கு எதிராக, அறிகுறியோடு நோய் வராமல் காப்பதில் ஒரு தவணையின் பலன் சுமார் 33 விழுக்காடு. இரண்டு தவணைக்குப் பிறகு, கோவிஷீல்டு போன்ற தடுப்பூசிக்கு, அது சுமார் 60 விழுக்காடு. ஆக, இந்த வீட்டில் முதலில் காப்பாற்றப்பட வேண்டியவர் மாமியார்தான். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

ரூபாய் நோட்டை நனைப்பது தேவையில்லை. பொருள்களைத் தொடுவதால் இந்த நோய் பரவுவது மிகக் குறைவு. பணத்தை எண்ணி வைத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். வந்தவுடன் குளிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்காக மாடிப்படிக்குக் கீழே நிற்க வேண்டிய அவசியமில்லை. மொட்டைமாடி யோசனையைத்தான் நான் முழுவதுமாகத் தள்ளமாட்டேன். இந்தக் கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகப் பரவுகிறது, மூடிய அறையில் நீர்த்துளிகளைவிட நுண்ணிய துகள்களாக நெடுநேரம் மிதக்கிறது. மே 20 அன்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரையும் காற்றோட்டத்தையே வலியுறுத்துகிறது. எனக்கு இது புதிய பாடம் அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பகுதியில் காசநோயாளிகளின் வீடுகளுக்குப் போய், மூடிக் கிடக்கும் ஜன்னலை நானே திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறேன். எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சந்துகளில்கூட, கதவையும் ஜன்னலையும் சேர்த்துத் திறந்தால் காற்று நகரும். ஒரு மேசை மின்விசிறியை ஜன்னலருகே வெளியே பார்த்தபடி வையுங்கள். அது அறையின் காற்றை வெளியே தள்ளும், கதவு வழியாகப் புதுக்காற்று வரும். கதவுப் பக்கம் மாமியாரும் மின்விசிறிப் பக்கம் கணவரும் படுக்கட்டும். மழை இல்லாத இரவுகளில் கணவர் மாடியில் படுக்க விரும்பினால் படுக்கலாம். தண்டனையாக அனுப்ப வேண்டாம்.

கடையில் அறுவைசிகிச்சை முகக்கவசத்தின் மேல் துணிக்கவசம் அணிந்து, மூக்கை முழுவதும் மூடியபடி நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில்தான் ஊழியர்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு நெருங்கி உட்காருகிறார்கள்; கிடங்கு அறையில் சேர்ந்து சாப்பிடாமல், முறைவைத்து வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுமாறு முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். காய்ச்சல், தொண்டைவலி, மணம் தெரியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கடைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகள் திருமணம் ஆனி முடிவதற்குள் நடக்க வேண்டும். 50 பேருக்குத்தான் அனுமதி என்கிறார்கள். காலை முகூர்த்தத்துக்கு 50 பேர், மாலை வரவேற்புக்கு வேறு 50 பேர் என்று பிரித்து அழைத்தால் தவறில்லையே?
– ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

பதில்: சொந்தபந்தங்களில் யாரை விடுவது என்று நீங்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் மணமக்களும் இரு வீட்டுப் பெரியவர்களும் காலையிலும் மாலையிலும் அதே மண்டபத்தில்தான் இருப்பார்கள். பிரித்து அழைத்தால், அவர்கள் சந்திப்பது 100 பேரை. விதியைத் தாண்டிவிட்டோமா என்பதைவிட எனக்கு இதுதான் கவலை.

ஒரே வேளையாக, 50 பேருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஆபத்தான இடம் பந்தி நடக்கும் அறை. எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுவது அங்கேதான். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். இல்லையென்றால், சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தாம்பூலப் பையோடு கொடுத்துவிடலாம். இந்த ஆண்டு அதைக் குறையாக நினைக்க மாட்டார்கள். வர முடியாத பெரியவர்களிடம் மணமக்கள் பின்னொரு நாள் நேரில் போய், வாசலில் நின்றாவது ஆசி வாங்கட்டும்.

கேள்வி: விழுப்புரத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக இ-பாஸ் (இணையவழிப் பயண அனுமதி) வேண்டுமா?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: வேண்டாம். ஜூலை 5 முதல் தமிழகத்துக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவையில்லை. பேருந்துகளும் பாதி இருக்கைகளோடு ஓடுகின்றன. அம்மா வயதானவர் என்றால், உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாயிற்று. அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. இரண்டு நாள் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சோம்பல் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: சோம்பல் அல்ல, சகோதரி. மே மாதம் முழுவதும் ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாசற்படி தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்று உடம்புக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஓர் உத்தரவு வந்த காலையிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட உடம்பால் முடியாது. உங்களைப்போலவே சொல்லிக்கொண்டு இந்த ஒரு வாரத்தில் என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களில் மீன் விற்கும் பெண்மணியும் உண்டு, துறைமுகத்தில் பளு தூக்குகிற திடமான ஆளும் உண்டு.

பாதி வழியில் திரும்பியதற்காக வருந்த வேண்டாம். ஆனால் திரும்புவதையே வழக்கமாக்கினால் பயம் இன்னும் வலுக்கும். அலுவலகத்தில் ஒரு வார அவகாசம் கேளுங்கள். முதல் இரண்டு நாள் தெருமுனை பால் கடைவரை போய், அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். படபடப்பு ஏறும்; நின்றபடி மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக விடுங்கள், சற்று நேரத்தில் அது தானே இறங்கும். அது இறங்குவதைக் கண்டபின்புதான் வீடு திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் கூட்டமில்லாத பிற்பகலில் பேருந்தில் ஏறி, தண்டையார்பேட்டைவரை போய்த் திரும்பலாம். குளிரூட்டிய மெட்ரோ வேகமானதுதான். தொடக்கத்தில் நான் பேருந்தைச் சொல்வது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றை முகத்தில் உணரலாம் என்பதற்காக. பிறகு ஒரு நாள் பாரிமுனைவரை போய், அலுவலகத்துக்குள் நுழையாமல் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். துணைக்கு யாராவது வந்தால் நல்லது, முக்கியமாகச் சோம்பல் என்று சொன்னவரே வரட்டும்.

இரண்டு வாரம் இப்படி முயன்றும் குறையவில்லை என்றாலோ, தூக்கமும் பசியும் கெட்டுப்போனாலோ, 104 என்ற எண்ணை அழையுங்கள்; மனநல ஆலோசனை தருவார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் தயங்காமல் போகலாம். நாளைக் காலை பால் வாங்கப் போவது நீங்களாக இருக்கட்டும்.