நூலக மின்னூல்: உங்கள் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்ரயிலில் போகும்போது, நூலக மின்னூல்களை இரவல் தரும் ஓவர்டிரைவ் செயலியில் படிப்பேன். அது நின்றுபோனதால் லிபிக்கு மாறினேன். நடுவழியில் நெட் போனால் பக்கம் திறப்பதில்லை. ஏன்?
– ஒரு வாசகி, தாம்பரம்

ஓவர்டிரைவ் செயலியை அதை நடத்திய நிறுவனமே 2023 மே மாதம் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் லிபி. அது நூலைத் தானாகவே இறக்கிக்கொள்ளும், ஆனால் வழக்கமாக வைஃபையில் மட்டும். மொபைல் டேட்டாவில் இரவல் எடுத்துவிட்டு ரயில் ஏறினால், நூல் முழுதாக இறங்கியிருக்காது. செயலியின் மெனுவில் டவுன்லோடு விதிகளைப் பாருங்கள். டேட்டாவிலும் இறக்க அனுமதிக்கலாம், அல்லது வீட்டு வைஃபையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஷெல்ஃபில் நூலுக்கு எதிரே ‘டவுன்லோடட்’ என்று வந்த பிறகு, ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். முதல் பக்கம் திறப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள்.

ஃபோனில் இடமில்லை என்று செயலியை நீக்கினாலும் இரவல் போகாது. அது உங்கள் நூலக அட்டையோடு சேர்ந்தது. அட்டை எண்ணைக் கொடுத்தால் பட்டியல் திரும்ப வரும், நூலை மட்டும் மறுபடி இறக்க வேண்டும்.

லேப்டாப்பை ஃபார்மட் செய்தபின், சேமித்து வைத்திருந்த ஏசிஎஸ்எம் கோப்பு திறக்கவில்லை. ‘வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்’ என்கிறது. நான்தானே அந்தப் பயனர்?
– ஒரு வாசகர், அடையாறு

நீங்கள்தான், ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது! ஏசிஎஸ்எம் என்பது நூலே அல்ல, நூலை வாங்கித் தரும் சில கிலோபைட் டோக்கன். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மின்னூல் மென்பொருள் அதைக் காட்டி நூலை இறக்கியதுமே, டோக்கன் ஓர் அடோபி ஐடிக்கு (அடோபி கணக்குக்கு) உரியதாகிவிடும். கணினியில் நூலைத் திறப்பதற்கான அனுமதியை (ஆதரைசேஷன்) ஐடி இல்லாமல் பெற்றிருந்தால் அந்தக் கணினிக்கே உரியதாகிவிடும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

முன்பு ஐடி கொடுத்திருந்தால், ஹெல்ப் மெனுவில் அதே ஐடியால் அனுமதி பெற்றுக் கோப்பைத் திறங்கள். இப்போது ஐடி இல்லாமல் அனுமதி பெற்றிருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி அதை முதலில் அழியுங்கள். முன்பே ஐடி கொடுக்காதவர் என்றால் பழைய டோக்கனால் பயனில்லை. நூலகத்தில் சொல்லி இரவலை முடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் தவணை முடியும்வரை காத்திருந்து புதிதாக எடுங்கள். ஓர் ஐடிக்கு 6 கணினிகள்தான். ஆகவே அடுத்த முறை ஃபார்மட்டுக்கு முன்பே அனுமதியை நீக்கிவிடுங்கள். முடிந்தால் நூலைத் திருப்பியும் விடுங்கள்: நூலின் மேல் ரைட் கிளிக் செய்தால் அதற்கான வசதி இருக்கும்.

கணினியில் தோரியம் ரீடர் என்ற மின்னூல் மென்பொருளைப் போட்டால் இந்த அடோபி ஐடி தொல்லை தீருமா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

உங்கள் நூலகம் மின்னூலை எல்சிபி வகைப் பூட்டில் (நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பு முறையில்) தந்தால் மட்டும். அதில் அடோபி ஐடி கிடையாது, ஒரு கடவுச்சொல் போதும். ஒருமுறை திறந்தபின் நெட் வேண்டாம். கணினியின் தேதி தவறாக இருந்தால் மட்டும் ‘காலாவதி’ என்று மறுக்கும், கடிகாரத்தை ஓடவைக்கும் சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்களில் இது சகஜம். ஏசிஎஸ்எம் கோப்பைத் தோரியம் திறக்காது.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்குப் பூட்டே இல்லை, பொதுவான மின்னூல் செயலிகளில் திறக்கலாம்.