கோடி என்றால் கோழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோட்டுக்காரன், வேலை ஓசூரில். தெலுங்கில் கோடி என்றால் கோழியாம் என்று என் மகன் பக்கத்து வீட்டில் கேட்டு வந்து சிரிக்கிறான். இந்தியில் பால் என்றால் முடி. ஒரே சொல் இப்படி மொழிக்கு மொழி வேறு பொருள் தருவது ஏன்? தெலுங்கு, தமிழ் கெட்டு உண்டானது என்கிறார் நண்பர். அதனால் அவனைத் தெலுங்கு பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இந்திப் பாலை விடுங்கள், அது தற்செயல். வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம், சொற்கள் ஏராளம், எங்காவது மோதத்தான் செய்யும். கோடி அப்படியல்ல. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் ழ வருகிற பல இடங்களில் தெலுங்கில் ட வரும். கோழி அங்கே கோடி, ஏழு ஏடு, பாழ் பாடு. நம் எண்ணான கோடி வடமொழியிலிருந்து வந்தது, இந்தக் கோடிக்கும் அதற்கும் உறவே இல்லை. சின்ன வயதில் தேன்கனிக்கோட்டையில் சிநேகிதன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா முதலில் கேட்பது ‘கூடு தின்னாவா’ என்றுதான். கூட்டை எப்படித் தின்பது என்று நான் விழிப்பதற்குள் தட்டில் சுடச்சுடக் களி உருண்டை வந்துவிடும், நடுவில் குழி, அதில் அவரைக்கொட்டைக் குழம்பு. அந்தக் கூடு நம் கூழ்தான் என்பது, பரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பின்னாளில் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இதையா உங்கள் நண்பர் கெட்ட தமிழ் என்கிறார்? கோபம் வருகிறது. தெலுங்கு தமிழிலிருந்து பிறக்கவில்லை, இரண்டும் ஒரே பழைய மொழியிலிருந்து பிரிந்தவை. ழ அவர்களிடமும் இருந்தது, பழைய தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகளில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. அப்புறம் தெலுங்கில் பெரும்பாலும் ட ஆயிற்று, கன்னடத்தில் ள: ஏளு, கோளி. சரி, நாம்? பாலக்கோட்டுச் சந்தையில் காது கொடுத்துக் கேளுங்கள், ‘வாளப்பளம்’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! கன்னடம் போன வழியில்தான் நம் வாயும் போகிறது. அதையும் கெட்ட தமிழ் என்பாரா உங்கள் நண்பர்? முதலில் தன் வீட்டில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

பையனுக்குப் போட்ட தடையை இன்றே எடுங்கள். கேட்ட சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சிரிக்கிற பிள்ளையின் வாயை அடைப்பது பாவம், தம்பி. ஏழுக்கு என்ன, கூழுக்கு என்ன என்று அவனையே விசாரித்துவரச் சொல்லுங்கள். பழத்துக்குப் ‘பண்டு’ என்பார்கள், அங்கே மட்டும் ‘ண்டு’ எப்படி வந்தது என்று கேட்பான். கேட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.