மனோதர்மமாக வாசித்ததை ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது: கேள்வி பதில்

கேள்வி: பியானோவில் உட்கார்ந்தால் கற்பனை தானாக ஓடுகிறது. அதையே வயலின், வயோலா, செல்லோ என்று பிரித்து எழுதினால் உயிரே இல்லை. ஏன் சார்?

பதில்: பியானோவில் அடித்த ஸ்வரம் அந்த நொடியிலிருந்தே தேயும். ஸ்வரங்களை நீட்டிக்கும் பெடலை மிதித்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரு கிறக்கம் தரும். வில் போடும் வாத்தியத்தில் ஸ்வரம் நிற்கும், நின்றபடியே வளரும். நீங்கள் ரசித்தது பெடலின் கிறக்கமாக இருந்தால் அது தாளில் வராது.

பெடல் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, பாடிப் பார்ப்பது. குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மூச்சு விடும் இடம், வில் எங்கே திரும்பலாம் என்று காட்டிக்கொடுக்கும். முதலில் செல்லோவின் வரியைப் பாடிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதை ஓடவிட்டு, மேலே வயோலாவைப் பாடுங்கள். மிச்சம் மீதி ஸ்வரங்களை வயோலாவின் தலையில் கட்டும் பழக்கம் இதில் தானாகவே போய்விடும். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான்.

கேள்வி: ஒரு மணி நேரப் பதிவு இருக்கிறது. முழுவதையும் எழுதி எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம், பதிவைக் கேட்காமலே நினைவுக்கு வருவதை மட்டும் எழுதுங்கள். நான்கைந்து ஸ்வரம் போதும். 1747இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் அரசர் கொடுத்த கருவை வைத்து இசையமைப்பாளர் பாக் அங்கேயே மூன்று குரல் ஃபியூக் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) வாசித்தார். அதே கருவில் ஆறு குரல் ஃபியூகை ஊர் திரும்பிய பிறகுதான் எழுதினார். அவருக்கே அந்த அவகாசம் தேவைப்பட்டது.

கேள்வி: எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. தடையா?

பதில்: இல்லை. ஒரே தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வராது, டபுள் பாஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இப்படிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டு, ஒரு கலைஞரிடம் காட்டித் திருத்துங்கள்.

கேள்வி: மேடையிலும் கலைஞர்களைச் சுதந்திரமாக வாசிக்க விடலாமா?

பதில்: விடலாம், ஆனால் எதில் சுதந்திரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'உங்கள் விருப்பம்போல வாசியுங்கள்' என்றால் இருபது பேரும் தயங்குவார்கள், அல்லது எல்லோரும் ஒரே சமயத்தில் வேகமாகப் பாய்வார்கள். போலந்தின் இசையமைப்பாளர் விட்டோல்ட் லுட்டோஸ்வாவ்ஸ்கி 1961இல் தொடங்கிய வழி அருமையானது: ஸ்வரங்களை அவரே எழுதிவிடுவார், சில இடங்களில் காலத்தை மட்டும் கலைஞர்களிடம் விடுவார். ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போவார்கள், இசைக்குழு நடத்துநர் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவார்.

நீங்களும் ஆளுக்கு ஒரு சிறு சொற்றொடர் கொடுத்து, கைகாட்டும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். எது எதோடு மோதினாலும் கேட்க நன்றாக இருக்கும்படி ஸ்வரங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை. ஒத்திகையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பதிவு செய்யுங்கள். அதில் தற்செயலாக ஒரு நல்ல இடம் அமைந்தால், அதை அடுத்த பிரதியில் முழுமையாக எழுதிவிடுங்கள்.