மாந்தம் சீக்கில் சேராது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து நடக்கும் குழந்தைகள் நல ஆய்வில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். களத்தில் பதினான்கு பேர். வாராந்திர ஜூம் கூட்டத்தில் எங்கள் பக்கம் யாரும் வாய் திறப்பதில்லை. ‘எனி இஷ்யூஸ்?’ என்றால் ‘நோ சார்’. ஆனால் டேட்டாவில் தப்பு குறைந்தபாடில்லை. குழுத்திறன் பயிற்சி என்று கொடைக்கானலில் இரண்டு நாளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். பலன் இருக்குமா? நீங்கள் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

கொடைக்கானலுக்குப் போய்விட்டு வாருங்கள். வருடம் முழுக்க வெயிலில் அலையும் பிள்ளைகள், இரண்டு நாள் குளிரில் இருக்கட்டும். பந்தைத் தூக்கிப்போட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டெல்லாம் நானும் ஆடியவள்தான். திங்கட்கிழமை வந்து அதே படிவத்தை அதே மாதிரிதான் நிரப்பினோம்.

என்னை உறுத்தியது அந்த ‘நோ சார்’. நான் மேற்பார்வை பார்த்த ஓர் ஆய்வில் ஒரு கேள்வி இருந்தது: ‘கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?’ 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் வயிற்றுப்போக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, அதில் கோளாறு இல்லை. செக்கானூரணிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் எங்கள் களப்பணிப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். தாய், ‘அதெல்லாம் இல்லைங்க’ என்றாள். ‘இல்லை’யில் டிக் விழுந்தது. பேனாவை மூடும்போது உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: ‘பல்லு மொளைக்குதுல்ல, நாலு நாளா மாந்தம். பச்சத்தண்ணியாப் போவுது.’

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். ‘நெறய வீட்ல இப்படித்தான்க்கா. மாந்தம்னா அவங்களுக்குச் சீக்குக் கணக்குல வராது’ என்றாள். எத்தனை நாளாகத் தெரியும்? மூன்று மாதமாக. ஏன் சொல்லவில்லை? ‘கேள்விய ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்களே. அதுவுமில்லாம, இங்கிலீஷ்ல நான் எங்கிட்டுப் போய்ச் சொல்ல?’

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறாள். யாரைத் திட்டுவது?

அதற்குப் பிறகு ஜூம் கூட்டத்துக்கு முந்தின நாள் அரை மணி நேரம் தமிழிலேயே உட்கார ஆரம்பித்தோம். ‘பிரச்சினை உண்டா’ என்று கேட்பதை விட்டேன். அப்படிக் கேட்டால் இருக்கிறது என்பவள்தான் பிரச்சினை ஆகிவிடுவாள். ‘இந்த வாரம் எந்தக் கேள்விக்குச் சிரிச்சாங்க, எதுக்கு முறைச்சாங்க?’ என்று கேட்டேன். முதல் வாரம் இரண்டு பேர் பேசினார்கள். நாலாவது வாரம் நிறுத்தத்தான் பாடாகிவிட்டது. மறுநாள் அதை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை, யார் கண்டுபிடித்தது என்ற பெயரோடு. ‘மாந்தம், சீரணக்கோளாறு என்று சொன்னாலும் எத்தனை தடவை போனது என்று கேட்கவும்’ என்ற வரி நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குப் போய், படிவத்தில் ஏறியது. முந்தைய மூன்று மாத டேட்டாவைத் தனியாக வைக்க வேண்டி வந்தது. அது வலித்தது.

1990-ல் வெளியான வைட்டமின் ஏ ஆய்வைப் படித்திருப்பீர்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் மருத்துவர் லட்சுமி ரஹமத்துல்லா முன்னின்று, அமெரிக்க ஆய்வாளர்களோடு திருச்சி மாவட்டத்தில் நடத்தியது. 15,419 குழந்தைகள், வாரம் ஒரு சிறு டோஸ். வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு, அது பெறாத பிள்ளைகளைவிட 54 விழுக்காடு குறைவு. எல்லோரும் அந்த 54-ஐத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறோர் எண்: ஒரு வருடம், ஒவ்வொரு வாரமும் குறைந்தது 88 விழுக்காடு குழந்தைகளை நேரில் பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுத்ததும், நோயையும் சாவையும் குறித்ததும் சுகாதாரத் தன்னார்வலர்கள். அந்தப் பக்கத்திலிருந்து சேதி வராமல் போயிருந்தால் 54 எங்கிருந்து வந்திருக்கும்?

கடைசியாக, கூட்ட நேரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கு மதியம் 2 மணி என்றால் நமக்கு இரவு 7:30. ஆரப்பாளையத்தில் பஸ் பிடிக்க வேண்டிய பெண், 7:50-க்கு ‘எனி இஷ்யூஸ்?’ என்றால் ‘நோ சார்’ என்றுதான் சொல்வாள். அவர்களுக்குக் காலை 9 மணி, நமக்குப் பகல் 2:30. கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். நம் பஸ் நேரம் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா